புனல் இல்லாத பெட்டி

கோயம்பேட்டில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் கேட்டுவிட்டார். "என்ன சார், ஊர்ல திருவிழாவா?"

என் மடியில் பளபளவென்று ஒரு பித்தளைப் புனல். காலடியில் சாக்கு சுற்றிய எட்டுக்கோண மரப்பெட்டி. 2007 பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். விழுப்புரம் தாண்டுவதற்குள் ஏழெட்டுப் பேர் விசாரித்துவிட்டார்கள். ஒரு பெரியவர் புனலுக்குள் தலையை விட்டே பார்த்தார். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "எங்க ஆயாவுக்குங்க. அவங்க ஊட்டுல ஒரு பாட்டுப்பெட்டி இருந்துச்சி. இப்ப இல்ல. அதான்."

ஏன் இப்போது இல்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி போகிற சாலையில் இருக்கிறது எங்கள் எலவனாசூர்கோட்டை. ஒரு நல்ல வெள்ளாமை வருடத்தில், மல்லாட்டை விற்ற காசோடு கடலூர் போன தாத்தா, வரும்போது கிராமபோன் பெட்டியோடு வந்தாராம். உழவு மாடு வாங்கத்தான் போனார் என்பது ஆயாவின் கட்சி.

தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம் ஓடும். பக்கத்துக்குப் பக்கம் ஊசி மாற்ற வேண்டும். தாத்தா சிக்கனக்காரர். தேய்ந்த ஊசியைக் கல்லில் தீட்டித் திரும்பவும் போடுவார். பிள்ளைகள் யாரும் பெட்டியைத் தொடக்கூடாது. சாவி கொடுக்கிற வேலை மட்டும் ஆயாவுக்கு.

"ஊரு ஆம்பளைங்க அத்தினி பேரும் திண்ணையில குந்தியிருப்பாங்க. 'யாரு உள்ள'ன்னு ஒரு கொரல் குடுப்பாரு. பேரு சொல்லிக் கூப்புட மாட்டாரு. அத்தினி பேரு நடுவுல நான் போயி சாவி குடுத்துட்டு வருவேன்." ஆயா இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. கீறல் விழுந்த ரெக்கார்டு என்று நாங்கள் கேலி செய்வோம்.

தாத்தா போய் மூன்று வருஷம் கழித்து, 1989-ல், காலேஜ் லீவில் வீட்டில் இருந்தேன். ஆயா கொல்லைக்குப் போயிருந்தாள். பழைய இரும்பு வாங்குகிறவர் சைக்கிளில் வந்தார். பெட்டி ஸ்பிரிங் அறுந்து பரணில் கிடந்தது. எடை போட்டு இருபத்தெட்டு ரூபாய் கொடுத்தார். தட்டுகளை மட்டும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். "இது அரக்கு தம்பி. எடைக்கு ஆவாது." அன்று சாயங்காலமே உளுந்தூர்பேட்டையில் சினிமா.

ஆயா திட்டவில்லை. பரண் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "தட்டையாவது வச்சிருக்கியாடா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

பதினெட்டு வருஷம் கழித்து, சென்னையில் ஒரு பழம்பொருள் கடையில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கியதுதான் மடியில் இருந்த புனல்.

வீட்டில் கொண்டுபோய் வைத்ததும் ஆயா புனலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இன்னாடா இது, ஊமத்தம்பூவாட்டம்?"

"நம்ம பெட்டி ஆயா. இதே மாதிரிதான இருந்துச்சி?"

"நம்மூட்டுப் பெட்டியில ஏதுடா இது? சூட்கேசாட்டம் மூடி வைப்பமே."

எனக்குச் சுருக்கென்றது. எண்பத்து நாலு வயது, மறதி என்று நினைத்துக்கொண்டேன். புனல் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அவளோடு வாக்குவாதமே செய்தேன். பேரன் வாங்கி வந்ததைக் குறை சொல்வானேன் என்று அவள்தான் கடைசியில் விட்டுக்கொடுத்தாள்.

பொங்கல் முடிந்து சென்னை திரும்பும்போது, அந்தப் பெட்டியில் தட்டு ஒரே வேகத்தில் ஓடவில்லை என்பதால் அதையும், ஆயாவின் பதினோரு தட்டுகளையும் கூடவே தூக்கி வந்தேன். நண்பர் ஒருவர் பழைய பெட்டிகள் சேர்ப்பவர். 1985-ல் தீப்பிடித்து எரிந்த மூர் மார்க்கெட்டில், அதற்கு முன்பே பள்ளிக்கூடப் பையனாக ரெக்கார்டு பொறுக்க ஆரம்பித்தவர். உருளை ஓடினால் போனோகிராப், தட்டு ஓடினால் கிராமபோன், இரண்டையும் குழப்பினால் காபி கிடையாது என்கிற ரகம்.

என் பெட்டியைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் அலமாரியைத் திறந்தார். அதில் ரெக்கார்டு இல்லை, முழுக்கப் புத்தகங்கள். கிறிஸ்டோபர் ப்ரவுட்ஃபுட் 1980-ல் எழுதிய 'கலெக்டிங் போனோகிராப்ஸ் அண்ட் கிராமபோன்ஸ்'. எடிசன் கம்பெனியின் உருளை மிஷின்களுக்கென்றே ஜார்ஜ் ஃப்ரோ தொகுத்தது. விக்டர் கம்பெனி மாடல்களுக்கு ராபர்ட் பாம்பாக்கின் 'லுக் ஃபார் தி டாக்'. ஃபாப்ரிசியோவும் பாலும் சேர்ந்து போட்ட, படங்கள் நிறைந்த 'தி டாக்கிங் மிஷின்'. எந்த வருஷம், எந்த மாடல், கைப்பிடி எந்தப் பக்கம், புனலுக்கு என்ன பெயின்ட் என்று ஜாதகம் கணித்து வைத்திருக்கிறார்கள்.

"இதுல உங்க எட்டுக்கோணப் பெட்டி எங்க இருக்குன்னு நீங்களே தேடுங்க" என்றார்.

ஒரு மணி நேரம் தேடினேன். எங்கேயும் இல்லை. அந்தக் கம்பெனி அப்படி ஒன்றைச் செய்யவேயில்லை. பித்தளைப் புனலும் நாய் படம் ஒட்டிய தகடுமாக நம் நாட்டிலேயே புதிதாகச் செய்து பழசு என்று விற்கிற சரக்கு அது. வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் 'கிராப்போபோன்' என்று நாறுகிற பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்பதாயிரத்து ஐந்நூறு!

"அப்ப நான் சின்ன வயசுல பார்த்த புனல்?" என்றேன். நண்பர் ஆயாவின் தட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். நடுவில், சிவப்புத் தாளில், நாயும் புனலும். தினமும் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, நானாகத்தான் பெட்டிக்குப் புனல் மாட்டியிருக்கிறேன்.

அந்த நாய் படத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. ஃபிரான்சிஸ் பாரோ என்ற லண்டன் ஓவியர் முதலில் வரைந்தது எடிசன் உருளை மிஷினைத்தான். கறுப்புப் புனல் எடுப்பாக இல்லையே என்று, பார்த்து வரைய பித்தளைப் புனல் ஒன்று இரவல் கேட்டு கிராமபோன் கம்பெனிக்குப் போனார். எங்கள் மிஷினை வரைந்தால் படத்தையே வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். 1899-ல் பழைய மிஷின் மேலேயே புதியதை வரைந்து கொடுத்தார். பளபளப்புக்கு ஆசைப்பட்டதில் நான் முதல் ஆள் இல்லை.

நண்பர் இன்னொரு புத்தகத்தைப் பிரித்தார். எச்.எம்.வி. 102. 1931-ல் வந்து 1950-களிலும் விற்ற, கையில் தூக்கிப் போகிற மாடல். புனல் பெட்டிக்குள்ளேயே மறைந்திருக்கும். மூடினால் சூட்கேஸ்.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன்.

தட்டுகளையும் அவர் விடவில்லை. பூச்சி அரித்து லேபிளே இல்லாத ஒன்றை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, உள்வட்டத்தில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். தட்டுக்குப் பெயர் போனாலும் எண் போகாது. ஆஸ்திரேலியாக்காரரான மைக்கேல் கின்னியர் இப்படி எண்களை அடுக்கித்தான், 1899 முதல் 1908 வரையான இந்தியப் பதிவுகளை ஒரு தடித்த புத்தகமாக்கி 1994-ல் பம்பாயில் வெளியிட்டார். 1990-ல் பம்பாயில் ரெக்கார்டு சேர்ப்பவர்கள் ஒரு சங்கமே ஆரம்பித்து, 'தி ரெக்கார்டு நியூஸ்' என்று பத்திரிகை நடத்தினார்கள். எங்கள் தட்டுகள் அந்தக் காலத்துக்கு ரொம்பப் பிந்தியவை. அவற்றுக்கு, கம்பெனிக்காரர்களே அச்சடித்த பழைய தமிழ் கேட்லாக்குகள்தான் கதி. நண்பரிடம் நாலைந்து இருந்தன.

இரண்டு கிட்டப்பா, மூன்று கே.பி.சுந்தராம்பாள் என்பது லேபிளிலேயே தெரிந்தது. லேபிள் இல்லாதது கோவலன் நாடக செட்டில் மூன்றாவது தட்டு. முதல் இரண்டும் எங்கள் வீட்டில் இருந்ததேயில்லை. ஆயா சொல்லும் கோவலன் கதை எப்போதும் பாதியிலிருந்தே ஆரம்பிக்கும். அதற்கும் அன்றுதான் காரணம் தெரிந்தது.

வேகம் சரிசெய்ய நண்பர் பெட்டியைக் கவிழ்த்து ஸ்குரூக்களைக் கழற்றினார். உள்ளே பார்த்துவிட்டு விசிலடித்தார். "பெட்டிதான் புதுசு. மோட்டார் ஒரிஜினல்." எடைக்குப் போட்ட சூட்கேஸ் பெட்டிகளின் மோட்டாரையும் சவுண்ட் பாக்ஸையும் பிடுங்கித்தான் இந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் வைக்கிறார்களாம்.

எடைக்குப் போட்ட பெட்டி. நான் தண்ணீர் கேட்டேன்.

மறுவாரமே ஊருக்குப் போனேன். ஜெராக்ஸைக் கொடுத்ததும் ஆயா வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. விரலை வைத்துக் காட்டினாள். "இதான்டா. தா, இங்கதான் ஊசி டப்பா. மூடியில தட்டு சொருவி வைப்பம். சாவிய இப்படி மடக்கி உள்ள வைக்கணும்." ஜெராக்ஸில் தெரியாததையும் காட்டினாள்.

மோட்டார் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்திருந்தேன். சொன்னேன். எங்கள் பெட்டியின் மோட்டாராகவே இருக்க வேண்டியதில்லை, ஏதோ ஒரு வீட்டுப் பெட்டி என்றும் சொன்னேன்.

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புனலை ஒரு கையால் தள்ளிவிட்டு, சாவியைப் பிடித்தாள். உதடு அசைய ஒவ்வொரு சுற்றாக எண்ணினாள். இருபதோடு நிறுத்தினாள்.

"அதுக்கு மேல சுத்தினா அறுந்துபுடும். உங்க தாத்தாவுக்கே தெரியாது" என்றாள். "போடுடா. ஊசிய மாத்திட்டுப் போடு."