‘ஒரிஜினலா?’ என்று கேட்கிறவர்களுக்கு

“தம்பி, இது ஒரிஜினலா?”

ராஜபாளையம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது கேட்பார்கள். டீக்கடையில் கிளாஸை வாங்கக் கை நீட்டும்போது கேட்பார்கள். ஊருக்குள் கட்சி வேலையாகப் போனால், பேச்சைத் தொடங்கும் முன்பே மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். ஊர்க்காரர் ஒருவர் அதே மாதிரி கடிகாரம் கட்டியிருந்தால் “எங்க வாங்குனீங்க?” என்பதுதான் கேள்வி. காலனிக்காரர் கட்டியிருந்தால் மட்டும் “ஒரிஜினலா?” இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தோம்.

நாங்கள் நாலு பேர். ஒருவர் நூற்பாலையில் ஷிப்ட் பார்க்கிறார், ஒருவர் எலெக்ட்ரீஷியன், ஒருவர் கல்லூரியில் படிக்கிறார், ஒருவர் சமூகப் பணியாளர். சோழபுரத்தில் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் வருவதற்கு முன் அதே மேஜையில் வெள்ளைத் துணியை விரித்து, பழைய மாடல் டைவிங் கடிகாரங்களைப் போல நாங்களே செய்து பார்ப்போம். கடலில் மூழ்குகிறவர்களுக்காக 1953 வாக்கில் ஸ்விட்சர்லாந்தில் வந்தவை பிளாங்பெய்னும் ரோலெக்ஸின் சப்மரைனரும். ஜப்பானின் சீகோ 1965இல் தன் முதல் டைவிங் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. இவற்றில் பழையவை இன்று லட்சக்கணக்கில் விலை போகின்றன. நாங்கள் செய்வது அதே தோற்றத்தில் ஒரு கூடு, அதற்குள் சீகோ நிறுவனத்தின் என்ஹெச்35 என்ற மெஷின், நாங்கள் தேர்ந்தெடுத்த டயல், முட்கள், வார். மொத்தமாக நாலாயிரம், ஐயாயிரம் ஆகும். 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் செயலியைத் தடை செய்த பிறகு, உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்களின் பெட்டியில்தான் வருகின்றன.

வேலை பெரிய ரகசியமல்ல, பொறுமை வேண்டும். என்ஹெச்35 தானாகச் சாவி ஏறும் மெஷின். கையை ஆட்டினாலே உள்ளே இருக்கும் அரைவட்டத் தகடு சுற்றிச் சுருளை முறுக்கும். மணிக்கு 21,600 முறை துடிக்கும். கழற்றி வைத்தாலும் சுமார் 41 மணி நேரம் ஓடும். சனிக்கிழமை இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலை ஓடிக்கொண்டிருக்கும். முள் போடுவதுதான் சோதனை. தேதி மாறுகிற அந்த நொடியில் நிறுத்தி, மணி முள்ளைச் சரியாகப் பன்னிரண்டில் வைத்து அழுத்த வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் நள்ளிரவில் மாற வேண்டிய தேதி பதினொன்றரைக்கே மாறிவிடும். எல்லாம் முடிந்து பின்மூடியைத் திருகிய பிறகு டயலில் ஒரு தூசி தெரியும். மறுபடியும் முதலிலிருந்து.

“இதுக்கும் இயக்கத்துக்கும் என்னண்ணே சம்பந்தம்?” என்று படிப்பகத்துத் தம்பி ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. முதலில் நாங்களும் சம்பந்தம் எதையும் தேடவில்லை. வாரம் முழுக்க மனு எழுதி, ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடந்து, தாலுகா ஆபீஸில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா? உழைக்கிறவனுக்குப் பொழுதுபோக்கு எதற்கு என்பது பண்ணையார் கேள்வி. அந்தக் கேள்வியை நாமே நம்மைப் பார்த்துக் கேட்கக் கூடாது. ஆனாலும் சம்பந்தம் தானாக வந்து நின்றது.

எங்கள் பகுதி 1985 வரை பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். ஜே.ஹெச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூச்சூடக் கூடாது. மண் பாத்திரம்தான் புழங்க வேண்டும். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாயின.

அது பழைய கதை என்று தோன்றினால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தை எடுத்துப் படியுங்கள். பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்பு அணிவதை, புது உடை உடுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. 2015இல் நாடாளுமன்றம் உட்கார்ந்து ‘செருப்பு’, ‘புது உடை’ என்று சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது. எழுதியும் நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில், பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலேயே இருந்த சிவகங்கைப் பகுதியில், மேலப்பிடாவூரில் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள்.

சட்டத்தின் பட்டியலில் கைக்கடிகாரம் இல்லை. ஆனால் “ஒரிஜினலா?” என்ற கேள்வி அந்தப் பட்டியலின் கடைசி வரிதான் என்று எங்களுக்குப் படுகிறது. உன்னிடம் இருப்பது நல்லதாக இருந்தால் அது போலியாக இருக்க வேண்டும், போலி இல்லையென்றால் திருடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். எங்கள் நாலு பேரில் ஒருவரை இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது வண்டிச் சோதனையில் நிறுத்தி, லைசென்ஸைப் பார்த்த பிறகு, “வாட்ச் எங்க அடிச்ச?” என்று கேட்டார்கள். தானே செய்தது என்று சொன்னபோது சிரித்தார்கள். பின்மூடியைக் கழற்றிக் காட்டவா என்று இவர் கேட்டார். அதற்குப் பிறகு விட்டுவிட்டார்கள். அன்று இரவு தூக்கம் வரவில்லை என்றார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய டைவிங் கடிகாரங்களில் இருட்டில் ஒளிர ரேடியமும், பிறகு டிரிடியமும் பூசினார்கள். வருஷங்கள் போகப் போக அந்தப் பூச்சு டீ நிறத்துக்கு மாறும். இன்று அந்த மங்கலுக்குத்தான் மவுசு. புது முட்களைக்கூடப் பழசு போலக் காட்டச் சாயம் ஏற்றுகிறார்கள். சிலர் டீத்தண்ணீரில்கூட ஊறப் போடுகிறார்கள். நாங்களும் ஒருமுறை செய்தோம். படிப்பகத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “புதுசை எதுக்குப்பா பழசாக்குறீக? நாங்க காலம் பூரா பழசத்தான போட்டோம்” என்றார். அடுத்தவர் கழித்துப் போட்ட சட்டையைத் தீபாவளிக்கு உடுத்தியவர் அவர். பழசை அழகு என்று சொல்ல, புதுசை மறுக்கப்படாத வாழ்க்கை வேண்டும். அதற்குப் பிறகு நாங்கள் டீயைக் குடிக்க மட்டுமே பயன்படுத்துகிறோம்.

அடுத்த சண்டை டயலில் என்ன பெயர் போடுவது என்பதில் வந்தது. கிரீடம் வரைந்து ரோலெக்ஸ் என்று அச்சடித்த டயல் மலிவாகவே கிடைக்கிறது. “கேக்குறவன் வாயடைக்கட்டும், போடுவோம்” என்றார் ஒருவர். விற்பதற்காக அடுத்தவர் வணிகக்குறியைப் போலியாகப் போட்டால் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அதுவும் நம் பையன் கையில் பிடிபட்டால் “நான் விக்கல, கட்டத்தான்” என்று சொல்வதை யார் கேட்பார்கள்? ஆனால் சட்டத்தைவிட வேறொன்றுதான் எங்களைத் தடுத்தது.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதிகளின் தோற்றம் பற்றி அம்பேத்கர் வாசித்த கட்டுரையில் ஒரு கேள்வி வருகிறது: சாதி எப்படிப் பரவியது? அவர் சொல்லும் பதில்களில் முக்கியமானது, போலச் செய்தல். மேலே இருந்தவர்கள் கதவை அடைத்துக்கொண்டார்கள். கீழே இருந்தவர்கள் அவர்களைப் பார்த்துத் தாங்களும் அடைத்துக்கொண்டார்கள். மேலே இருப்பவன் பெயரைக் கையில் ஒட்டிக்கொண்டால் மதிப்பு வந்துவிடும் என்று நம்புவதும் அதே நோய்தான். வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம். உருண்டைப் புள்ளிகளும் சுழலும் வளையமும் கடலுக்குள் மணி தெரிவதற்காக ஏற்பட்டவை, யாருடைய குலச்சொத்தும் அல்ல. பெயரைத் திருடினால், ‘ஒரிஜினல்’ அவனிடம்தான் இருக்கிறது என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். அதனால் எங்கள் டயலில் பெயர் இல்லை. பன்னிரண்டுக்குக் கீழே வெறுமையாக இருக்கிறது. “ஒரிஜினலா?” என்று கேட்டால், “நாங்க செஞ்சது” என்கிறோம். அது பொய்யில்லாத பதில்.

மூன்றாவது விஷயத்தில் எங்களுக்கு இன்னும் முழுத் தெளிவு இல்லை. படிப்பகத்தில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பிக்கு ஒரு கடிகாரம் செய்து கொடுத்தோம். அவன் கேட்டது நீலத் துணி வார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கழற்றச் சொல்லிவிட்டார். “கயிறு கூடாதுன்னா வார்ல வர்றீங்களா?” என்றாராம். எங்களுக்குக் கோபம் வந்தது. நேரே போய்ப் பேசலாம் என்று கிளம்பினோம். கிளம்பும்போதே விவாதம் தொடங்கியது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி அணிவதைத் தடை செய்ய வேண்டும் என்றது. அந்த அறிக்கையை ஆதரித்துக் கூட்டம் போட்டவர்கள் நாம். இப்போது நம் பையன் கையில் நீலம் இருக்கிறது. “நீலம் சாதி நிறமில்ல, சாதி ஒழிப்பு நிறம்” என்றார் ஒருவர். “அது நமக்குத் தெரியும். பின் பெஞ்சில் உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியுமா? நம்ம வாதத்துக்கு அடி வாங்கப் போறது அவன்தானே, நாமளா?” என்றார் இன்னொருவர். இரண்டுமே சரியாகத்தான் பட்டது.

கடைசியில் அவனிடமே கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஸ்கூலுக்குக் கறுப்பு வார் போட்டுக்கிறேண்ணே. டயலை நீலமா மாத்திக் குடுங்க” என்றான். 1970களில் பிரெஞ்சுக் கடற்படையினர் கட்டிய டியூடர் கடிகாரத்தில்கூட நீல டயல் உண்டு. மாற்றிக் கொடுத்தோம். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்துக்கு வரும்போது அவனே பின்னைத் தள்ளி வாரை மாற்றிக்கொண்டு வருகிறான், ஒரு நிமிஷ வேலை. இது விட்டுக்கொடுத்ததா, புத்திசாலித்தனமா? படிக்கிற தோழர்கள் சொல்லுங்கள்.

அவனுக்கு வார் மாற்றச் சொல்லிக் கொடுத்த அன்றுதான், பக்கத்திலிருந்த சின்னவன் வெளி வளையத்தைத் திருகிக்கொண்டே, “இது எதுக்குண்ணே சுத்துது?” என்று கேட்டான். சொன்னோம். தண்ணீருக்குள் இறங்கும்போது வளையத்தின் முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேரே வைக்க வேண்டும். முள் நகர நகர, இறங்கி எத்தனை நிமிஷம் ஆனது என்று தெரியும். முதுகில் கட்டிய உருளையில் காற்று அளவாகத்தான் இருக்கும், அதற்குள் மேலே வர வேண்டும். வளையம் ஒரு பக்கம் மட்டும்தான் சுற்றும். தெரியாமல் இடித்து நகர்ந்தாலும் நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவார், தப்பு நடந்தாலும் உயிர் மிஞ்சும்.

கேட்டுவிட்டு அவன் சொன்னான்: “எங்கப்பாவுக்கு ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களாண்ணே? அவரு தொட்டிக்குள்ள இறங்குறாருல்ல.”

அவன் அப்பா செப்டிக் டேங்க் லாரியில் வேலை பார்க்கிறார். குழாய் அடைத்துக்கொண்டால் இறங்கச் சொல்வார்கள். எங்களில் யாருக்கும் உடனே பேச்சு வரவில்லை. அந்தத் தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவுக்கு மேல் போனால், சில மூச்சுகளிலேயே ஆள் விழுந்துவிடுவார். எங்கள் வளையத்தின் முதல் கோடே ஒரு நிமிஷம். அந்தக் கோட்டை முள் தொடுவதற்குள் முடிந்துவிடும். கடிகாரம் அங்கே எதற்கும் உதவாது.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியது. எங்களுக்கு வேண்டியது அந்த முப்பது லட்சமல்ல. உலகத்தில் காசுள்ளவன் விளையாட்டாகக் கடலில் இறங்குவதற்கு, ஒரு நொடித் தவறில்கூட உயிர் போகாதபடி வளையத்தை ஒரே பக்கம் சுற்ற வைக்க யோசித்திருக்கிறார்கள். நம் ஆள் தொட்டியில் இறங்கும்போது மேலே நிற்கிறவன் கயிறுகூடக் கட்டுவதில்லை.

அந்த வாரம் அவன் அப்பாவோடு உட்கார்ந்து பேசினோம். சட்டத்தை விளக்கினோம். “இறங்க மாட்டேன்னா நாளைக்கு வேற ஆளைக் கூப்பிடுவாக” என்றார். தனி ஆளாக அவரால் மறுக்க முடியாது. அந்த லாரிகளில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரையும் கூட்டி, யாருமே இறங்குவதில்லை என்று முடிவெடுக்க வைக்க வேண்டும். அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறோம், நாலைந்து பேர் வந்திருக்கிறார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இருக்கும் மாணவத் தோழர்கள் வந்து கைகொடுங்கள். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதே மேஜையில். வெள்ளைத் துணியை மடித்து வைத்துவிட்டோம்.

சின்னவனுக்கும் ஒரு கடிகாரம் செய்துகொண்டிருக்கிறோம். நீல டயல், பெயர் கிடையாது. அது அவனுக்குத்தான். அவன் அப்பாவுக்குக் கடிகாரம் தேவைப்படாத நாள் வர வேண்டும்.

ஜெய்பீம்.