காதோடு வந்த செய்தி

பங்கு என்னும் சொல் நம் இல்லங்களில் இரு பொருள்பட வழங்குகின்றது. ஒன்று, ஞாயிறுதோறும் நாம் கூடும் ஆலயத்தைச் சூழ்ந்த மக்கள் குடும்பம். மற்றொன்று, ஒரு கம்பெனியின் உடைமையில் பணம் கொடுத்துப் பெறும் சிறு கூறு. முன்னதைக் குறித்தே நம்மிடம் வந்தவர்கள், இந்நாட்களில் பின்னதைக் குறித்தும் ஆலோசனை கேட்கின்றனர்.

அமெரிக்காவில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தபோது நம்மைக் கண்டார். "சாமி, அங்கே ஓர் இணையக் கம்பெனியையும் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியையும் பெரிய நிறுவனங்கள் வாங்கப் போவதாகப் பேச்சு. இப்போதே பங்கு வாங்கி வைத்தால் நல்ல இலாபம். தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் இருக்கிறது, போடலாமா?" என்றார். சந்தைக் கணக்கில் நாம் புலமை பெற்றவர் அல்லோம். ஆயினும் நடந்து முடிந்த வரலாறு நமக்கும் பாடம் சொல்லும் அன்றோ?

ஒரு கம்பெனியை முழுவதும் வாங்க விரும்புவோர் சந்தை விலைக்கு மேல் கொடுத்தாக வேண்டும். இல்லையேல் பங்குடையோர் விற்க இசையார். இந்த மிகுதியை எண்ணியே வதந்தி கிளம்பியதும் பலர் முந்துகின்றனர், விலை ஏறுகின்றது. பிந்தி வாங்குபவர், இன்னும் வராத அந்த மிகுதிக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றார்.

2008 பிப்ரவரி 1 அன்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் யாஹூ என்னும் இணையக் கம்பெனியைப் பங்கு ஒன்றுக்கு 31 டாலர் கொடுத்து வாங்க முன்வந்தது. முந்தைய நாள் அதன் விலை 19 டாலர் அளவே. அன்றே 28 டாலரைத் தாண்டிற்று. பின்னர் 33 டாலர் தருவதாகச் சொல்லியும் யாஹூ இணங்கவில்லை. மே 3 அன்று மைக்ரோசாஃப்ட் விலகிக்கொண்டது. அடுத்த சந்தை நாளில் விலை 24 டாலர் அளவுக்கு வீழ்ந்தது. நவம்பரில் 10 டாலருக்கும் கீழே சென்றது. 2013 இறுதியில்தான் 33 டாலரைக் கடந்தது. அதுவும், 2005-இல் யாஹூ வாங்கி வைத்திருந்த சீனத்து அலிபாபா நிறுவனப் பங்குகளின் மதிப்பு பெருகியதால்.

மருந்து ஆராய்ச்சித் துறையில் இம்க்ளோன் கம்பெனியின் கதையும் இத்தகையதே. புற்றுநோய்க்கான அதன் எர்பிடக்ஸ் மருந்தை நம்பி, 2001-இல் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் பங்குக்கு 70 டாலர் வீதம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாகத்தை வாங்க உடன்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அம்மருந்துக்கான விண்ணப்பத்தை ஏற்க மறுத்தது. மறு ஆண்டில் பங்கு விலை 10 டாலருக்கும் கீழிறங்கியது. மறுப்பு வரும் என முன்னரே அறிந்து உறவினரை விற்கச் செய்த நிறுவனர் சாமுவேல் வாக்சல், 2003-இல் ஏழாண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். மருந்தோ 2004-இல் அனுமதி பெற்றது. 2008-இல் எலை லில்லி நிறுவனம் அதே 70 டாலர் வீதம் இம்க்ளோனை வாங்க ஒப்பந்தம் செய்தது.

இவ்விரண்டிலும் இறுதியில் பயன் தந்தது வதந்தி அன்று. கம்பெனியிடம் மெய்யாகவே இருந்த பொருள். அதற்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருந்தும் ஒன்றும் திரும்பாத கம்பெனிகளும் பலவுண்டு.

நிற்க. காதோடு வரும் செய்தியில் மற்றோர் இடரும் உண்டு. அது பொய்யாயின் நட்டம். உள்ளிருப்போர் நம்பிக்கையை மீறிக் கசியவிட்ட மெய்யாயின், அதைக் கொண்டு வாங்கி விற்பது சட்டப்படி குற்றம்.

ஆகவே அவ்விளைஞரிடம் நாம் கேட்டது ஒன்றே: "தம்பி, விலை வீழ்ந்தால் ஆறாண்டு காத்திருக்க உம்மால் முடியும்; உம் தங்கையால் முடியுமா?" அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அவளை நான் கேட்கவே இல்லை, சாமி" என்றார்.

பங்கு வாங்குதல் பாவமன்று. புதிய மருந்தும் புதிய தொழிலும் பிறர் துணிந்து இடும் முதலாலேயே உருப்பெறுகின்றன. ஆனால் பணம் போடுமுன் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தம்மையே வினவட்டும்: இந்த வதந்தி பொய்த்தாலும் இக்கம்பெனியின் பங்கை விரும்பி வைத்திருப்போமா? இப்பணத்தை எந்நாளில், யாருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம்? நாள் குறித்த கடமைக்கு உரிய பணம், நாள் குறிக்க முடியாத இலாபத்தை நாடிச் செல்லலாகாது.