பாட்டி சொல்லும் பழைய ஏடும்

ஆராய்ச்சி என்றதும், அது பல்கலைக்கழகத்தாருக்கு உரியது, நமக்கு எதற்கு என்று ஒதுங்குவோர் பலர். ஆயின் இன்று பங்குதோறும் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்கின்றனர். ஆய்வுக் கட்டுரை நம் இல்லங்களுக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

சென்ற ஆண்டு எம் பங்கின் மாணவி ஒருத்தி எம்மிடம் வந்தாள். இரும்புலியூர் ஏரியைப் பற்றி எழுத விரும்பினாள். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்ததையும், தாம் நடவுக்குச் சென்றதையும் பாட்டியார் சொல்லக் கேட்டு வளர்ந்தவள். "பாட்டி சொன்னதெல்லாம் ஆதாரம் ஆகாது என்கிறார்கள், ஃபாதர்" என்று கண் கலங்கினாள்.

"பாட்டியின் சொல்லும் ஆதாரமே, அம்மா, ஆனால் துணைச் சாட்சி வேண்டும்" என்றோம். ஒரே சாட்சியைக் கொண்டு வழக்கைத் தீர்க்கலாகாது என்பது மோயீசனின் சட்டமன்றோ!

சான்றுகள் மூவகை. கல்வெட்டு, ஓலை, பத்திரம், கிராமக் கணக்கு, கண்டவர் வாய்மொழி ஆகியவை முதல்நிலைச் சான்றுகள். அவற்றை ஆராய்ந்து பிற்காலத்தார் எழுதிய நூல்கள் இரண்டாம் நிலையின. அகராதி, கலைக்களஞ்சியம், நூற்பட்டியல் என்பன மூன்றாம் வகை. கைபேசியில் நாம் காணும் குறிப்புகளில் பல இவ்வினத்தவையே. கைகாட்டி மரம் ஊருக்கு வழி சொல்லும், அதுவே ஊராகிவிடாது.

இவ்வகையில் நம் செங்கற்பட்டுப் பகுதி பேறு பெற்றது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் இங்கு ஏறத்தாழ 2000 ஊர்களைக் கணக்கெடுத்தார். வீடுகள், நிலங்கள், ஏரிகள், விளைச்சல் யாவும் பதிவாயின. அதன் ஆங்கிலச் சுருக்கங்கள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், தமிழ் ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. அவற்றின் அருமையை உலகறியச் செய்தவர் காந்தியவாதியான தரம்பால்.

1879இல் குரோல் என்னும் அதிகாரி செங்கற்பட்டு மாவட்டக் கையேட்டை வெளியிட்டார். பர்னார்டு காலத்தைப் பற்றி வினவுவோர்க்கு அஃது இரண்டாம்நிலை நூல்; 1879ஆம் ஆண்டின் அதிகாரிகள் எவ்வாறு எண்ணினர் என வினவுவோர்க்கோ முதல்நிலைச் சான்று. நாம் கேட்கும் கேள்வியே ஏட்டின் தகுதியை முடிவு செய்கிறது.

எந்தச் சான்றையும், "இதை எழுதியவர் யார்? எதற்காக எழுதினார்?" என்று கேட்டே ஏற்க வேண்டும். அரசின் கணக்கு பெரும்பாலும் வரிக்காக எழுந்தது. எத்தனை கலம் விளைந்தது என்று சொல்லும். சேற்றில் நின்று நட்டவள் பெயரைச் சொல்லாது. ஏழைகள் ஏடு எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய வரலாறு அவர்கள் நாவிலேயே இருக்கிறது. அவர்களோடு மறைந்தும் போகிறது. ஆகவே பாட்டியின் சொல்லைத் தள்ளுவது வெறும் முறைப்பிழை அன்று, அநீதியுமாகும்.

அம்மாணவி வருவாய்த்துறைப் பதிவேட்டையும் பழைய நிலப்படத்தையும் தேடிப் பார்த்தாள். பாட்டியாரிடம் மீண்டும் அமர்ந்து, நாளும் இடமும் குறித்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டாள். அவள் கட்டுரையில் ஆவணங்களின் பெயர்களோடு பாட்டியாரின் பெயரும் சமமாக நிற்கிறது.

அன்பர்களே, கோட்டையூர் ரோஜா முத்தையா என்பவர் நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டு அறிக்கைகளையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்தார்; அவர் சேகரிப்பு இன்று தரமணியில் ஆராய்ச்சி நூலகமாகத் திகழ்கிறது. நம் வீட்டுப் பரணிலும் பழைய பத்திரங்கள், கடிதங்கள் இருக்கலாம். அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடை போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது, பிள்ளைகள் கையில் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும்.