இருட்டில் ஒளிய வெள்ளை நிறம்



இரவில் ஒரு கப்பலை மறைக்க என்ன நிறம் அடிப்பீர்கள்? கறுப்பு என்றுதானே சொல்வீர்கள்?

இரண்டாம் உலகப்போரில், அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போன பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பலவற்றுக்கு அடித்தது வெள்ளை. அதன்மேல் வெளிர் நீலமும் வெளிர் பச்சையும் திட்டுத் திட்டாக. யோசனை பீட்டர் ஸ்காட்டினுடையது. தென்துருவப் பயணத்தில் உயிர்விட்ட ராபர்ட் ஸ்காட்டின் மகன். போருக்கு முன் நீர்ப்பறவைகளை வரைந்துகொண்டிருந்தவர். 1940-இல், தான் பணியாற்றிய 'புரூக்' கப்பலில்தான் இதை முதலில் செய்துபார்த்தார்.

காரணம் எளிது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் இரவில் மேலே வந்து தாக்கின. அவ்வளவு தாழ்வாக இருந்து பார்ப்பவனுக்குக் கப்பலின் பின்னால் தெரிவது கடல் அல்ல, வானம். மேகம் மூடிய இரவிலும் வானம் கடலைவிட வெளிறித்தான் இருக்கும். அதில் கறுப்புக் கப்பல் பளிச்சென்று தெரியும். வெள்ளைக் கப்பல் கரைந்துபோகும். நிலா வெளிச்சம் நேரே விழுந்தால் வெள்ளை காட்டிக்கொடுக்கும்தான். ஆனால் வட அட்லாண்டிக்கில் மேகமூட்டமே அதிகம். 1941-இல் கடற்படை இம்முறையை ஏற்றது.

பறவையையும் வானத்தையும் வருடக்கணக்கில் உற்றுப் பார்த்த கண், மாலுமிகளின் உயிரைக் காக்க உதவியது.

உங்கள் வீட்டுப் பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டால் திட்டாதீர்கள். எதைப் பார்த்து வரைந்தாய் என்று கேளுங்கள்.