வயிற்றுக்குள்ளே ஒரு பை

வடலூர் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்கு நிற்கும் ஒருத்தர், பஸ் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் கழிப்பறை எங்கே என்று தேடினால் சிரிக்காதீங்க. அல்சரேடிவ் கொலைட்டிஸாக இருக்கலாம். பெருங்குடலின் உள்பக்கம் புண். ரத்தமும் சளியுமாகப் போகும். நம்ம பக்கத்தில் முதலில் சீதபேதி என்பார்கள், அப்புறம் மூலம் என்பார்கள். உண்மைப் பெயர் தெரிய கொலோனோஸ்கோப்பி வரை போகணும். 1867-ல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிற ஊரில், இலையில் சோறு இருந்தும் சாப்பிடப் பயப்படுகிற ஆள்... கொடுமைதான்.

பெரும்பாலானவர்களுக்கு மருந்தே போதும். ஸ்டீராய்டுக்கும் ஊசிக்கும் அடங்காதவர்களுக்கும், புற்றுநோய் அறிகுறி தெரிகிறவர்களுக்கும்தான் ஆபரேஷன். இந்தப் புண் பெருங்குடலையும் மலக்குடலையும் தாண்டாது. இரண்டையும் எடுத்துவிட்டால் புண்ணுக்கு இடமில்லை. சரி, அப்புறம் மலம் எந்த வழியாகப் போகும்?

1952-ல் இங்கிலாந்தின் பிரையன் புரூக், சிறுகுடல் முனையை வயிற்றில் துளையிட்டு வெளியே கொண்டுவந்து, சட்டைக் கையை மடிப்பது போல மடித்துத் தைத்தார். அதன் மேல் வாழ்நாள் முழுக்க ஒரு பை ஒட்டணும். 1969-ல் சுவீடனின் நில்ஸ் கோக் சிறுகுடலாலேயே உள்ளே ஒரு பை செய்தார். அதைக் குழாய் விட்டுக் காலி செய்யணும். 1978-ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும் அப்படியொரு பையை ஆசனவாயோடு இணைத்தார்கள். 'எஸ்' வடிவம். அதிலும் பலருக்குக் குழாய் தேவைப்பட்டது. 1980-ல் ஜப்பானின் உட்சுனோமியா குடலை 'ஜே' மாதிரி மடித்தார். அவ்வளவுதான், சிக்கல் பாதி தீர்ந்தது! இன்றும் பெரும்பாலும் செய்வது இதுதான். சிறுகுடலின் கடைசி 30-40 செ.மீ.யை இரண்டாக மடித்து, நடுச்சுவரை நீக்கினால் பை ரெடி.

ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று தவணை. (பி.காம். மக்களுக்குத் தவணை பற்றிச் சொல்லவா வேணும் :)) உள்தையல் ஆறும் வரை சில மாதம் வயிற்றில் வெளிப்பை இருக்கும். நெய்வேலி வெயிலில் அந்த மாதங்கள்தான் சோதனை. பெருங்குடல் தினமும் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்சி உடம்புக்குத் திருப்பித் தருகிற ஆள். அது இல்லாதபோது உப்பும் சேர்ந்து வெளியேறும். வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தால் போதாது, ஓ.ஆர்.எஸ்., உப்புக் கஞ்சி வேணும்.

எல்லாம் முடிந்த பிறகும் பழைய உடம்பு வராது. நாளைக்கு 4 முதல் 8 முறை போகணும். ஆனா அடக்க முடியும். "அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கலாம்" என்று நினைக்க முடிகிறதே, அதற்காகத்தான் இத்தனை பாடும். உள்பையிலும் அழற்சி வரலாம், ஆன்டிபயாட்டிக்கில் பெரும்பாலும் அடங்கும். பெண்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையக்கூடும். கல்யாணப் பேச்சோடு பேச வேண்டிய விஷயம், யாரும் பேசுவதில்லை.

சிலருக்கு உள்பை ஒத்துவராமல் வெளிப்பையே நிரந்தரமாகும். அதைத் தோல்வி என்று சொல்வது அநியாயம். அமெரிக்கக் கால்பந்து வீரர் ரோல்ஃப் பெனிர்ஷ்கே 1979-ல் இந்த நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டு, வெளிப்பையோடு 1980-ல் மறுபடி களமிறங்கினார்.

நம்ம பக்கத்துக்காரர்கள் புதுச்சேரி ஜிப்மரோ, வேலூரோ, சென்னையோ போவார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் வயிற்றில் பேனாவால் ஒரு குறி போடுவார்கள், வெளிப்பை வரும் இடம். உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்க்கச் சொல்வார்கள். வேட்டியை எங்கே கட்டுவீர்கள், பாவாடை நாடா எங்கே வரும் என்று அப்பவே சொல்லிடணும். கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டால், நாடா சரியாகப் பை மேலேயே வந்து உட்காரும்.