விதை நெல்லைத் தின்ற போர்

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா, நேயர்களே? தொப்பூர்க் கணவாயை மூச்சு வாங்க ஏறிக் கடந்த வண்டி, தருமபுரியை நெருங்கும்போது, "அதியமான்கோட்டை!" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். கோட்டை கொத்தளம் காணலாம் என்று அவசரமாக இறங்கிவிடாதீர்கள், ஏமாந்து போவீர்கள்! சென்னராயப் பெருமாள் கோவில் மண்டபத்து விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றை அவசியம் பாருங்கள். அதியமானைப் பார்க்க வேண்டுமானால் சங்கப் பாடல்களைத்தான் புரட்ட வேண்டும்.

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்று நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் அவனுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஊர்ச் சிறுவர் ஆடிக் கலக்கும் முழங்கால் தண்ணீரில் கிடக்கும் முதலை, யானையையே இழுத்துக் கொன்றுவிடுமாம். அஞ்சி அப்படிப்பட்டவன், எளியவன் என்று எண்ணி வராதீர்கள் என்று பகைவரை எச்சரிக்கிறாள் ஔவை.

அந்த முதலை கரையேறித் திருக்கோவலூர் மீதும் பாய்ந்தது. மலையமான் திருமுடிக்காரி தோற்றான். திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில் 1981-ல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அஞ்சி அங்கே குகை உறைவிடம் அளித்ததை அவன் பெயரோடு சொல்கிறது.

அப்புறம் சக்கரம் திரும்பியது. காரி சேரனோடு சேர்ந்தான். கொல்லிமலை ஓரியைக் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். காரி, ஓரி, அஞ்சி மூவருமே கடையெழு வள்ளல்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்! பெருஞ்சேரல் இரும்பொறை, கொல்லிக் கூற்றத்தில் அஞ்சியையும் அவனோடு நின்ற இரு பெருவேந்தரையும் முறியடித்தான், தகடூரையும் அழித்தான். கோவலூரை வென்றவன் சொந்த ஊரையே பறிகொடுத்தான். அதியமான்கள் சேரர் வமிசத்தவர் என்று பிற்காலத் திருமலைக் கல்வெட்டு சொல்கிறது. அப்படியானால் இது பங்காளிச் சண்டைதானே?

வென்ற சேரனைப் பத்துப் பாடல்களால் புகழ்ந்தார் அரிசில் கிழார். சேரன் ஒன்பது லட்சம் காணம் பொன்னும், தன் அரியணையும் கொடுத்தான். புலவர் அரியணையை மறுத்து அமைச்சரானார் என்கிறது பதிற்றுப்பத்துப் பதிகம். அதே அரிசில் கிழார்தான், தகடூர்ப் போரில் வீழ்ந்த அதியமான் எழினிக்காகவும் அழுதார்! 'விதையைச் சமைத்துத் தின்ற ஏழை உழவன் போல் ஆனாயே! இவனை விட்டு வைத்திருந்தால் பகைவர் உயிரால் உன் வயிறு நிறைந்திருக்குமே!' என்ற கருத்தில் கூற்றுவனைக் கடிந்துகொள்கிறார்.

தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் பிற்கால நடுகற்களைப் பார்த்தபோது, அந்த உழவன்தான் என் நினைவுக்கு வந்தான்.

திரும்பும் வழியில் கேழ்வரகுக் கொல்லைகளைப் பாருங்கள். வானம் பார்த்த பூமி. வயிறு காய்ந்தாலும் விதைத் தானியத்தில் கை வைக்கத் தயங்குவான் குடியானவன். அவனுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, பாவம், மூன்று வள்ளல்களுக்கும் ஒரு பேரரசனுக்கும் தெரியாமல் போயிற்று!