காவற்காரனும் எக்காளமும்



செஞ்சியின் ராஜகிரிக் கோட்டையை நோக்கும்போதெல்லாம், எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தின் காவற்காரன் நினைவுக்கு வருகிறான். பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாவிட்டால், இரத்தப்பழி அவன்மேல் சுமரும்.

1969இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பயின்ற இந்திய மாணவர் புரொசென்ஜித் போதார், தம்மை விரும்பாத தத்தியானா தாராசாஃபைக் கொல்லும் எண்ணத்தை உளவியலாளர் லாரன்ஸ் மூரிடம் வெளியிட்டார். மூர் பல்கலைக்கழகக் காவலருக்கு அறிவித்தார். அவர்கள் விசாரித்து விடுவித்தனர். தத்தியானாவையோ பெற்றோரையோ எவரும் எச்சரிக்கவில்லை. அக்டோபர் 27 அன்று அவர் கொலையுண்டார். ஆபத்திலிருப்பவரைக் காப்பதும் சிகிச்சையாளரின் கடமையே என்று 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

போதகராகிய என்னிடமும் பலர் உள்ளத்தைத் திறக்கின்றனர். அவ்விரகசியங்களைக் காப்பேன். ஆனால் கொலைநினைவைக் கேட்டபின் நான் காக்கவேண்டியது பிறனுடைய உயிரையே. அந்நாளில் எக்காளம் ஊதும் தைரியத்தைக் கர்த்தர் அருளுவாராக. ஆமென்.